அவரையும் சேர்த்துச் சொன்ன ஸ்தோத்திரம்

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்கு நடுவே சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. அந்த வாரம் ஆண்டவர் தனக்குச் செய்த நன்மை எதுவோ அதை யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று சொல்லலாம். சொல்லி முடித்ததும் மற்றவர்கள் "ஸ்தோத்திரம்" என்பார்கள். நன்றியும் புகழ்ச்சியும் சேர்ந்த சொல் அது. எங்கள் வீடுகளில் தும்மினாலும் வரும், கால் தடுக்கினாலும் வரும்.

பெரும்பாலானவர்கள் எழுந்திருக்கக் கூச்சப்படுவார்கள். எனக்கு அந்தக் கூச்சம் இருந்ததே இல்லை. கேஸ் தீர்ந்த அன்றே சிலிண்டர் வந்ததற்கு நன்றி சொல்லியிருக்கிறேன். மகனுக்குக் காய்ச்சல் விட்டதற்குச் சொல்லியிருக்கிறேன். பெங்களூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததற்குக்கூட ஒருமுறை சொன்னேன். "சிஸ்டர் எழுந்திரிச்சாச் சாட்சி நேரம் ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம்" என்று பாஸ்டரம்மா சிரிப்பார். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான். நன்றியைச் சத்தமாகச் சொல்லிவிட வேண்டும், நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்தால் ஆண்டவருக்கு அது பாதி நன்றிதான் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான்.

சபை என்றதும் கோபுரமும் மணியும் வைத்த கோயிலை நினைத்துவிட வேண்டாம். ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில், ஹைவே ஓரமாக, லாரி பார்ட்ஸ் குடோனாக இருந்த தகரக் கூரைக் கூடம். தமிழில் ஒரு பாட்டு, தெலுங்கில் ஒரு பாட்டு, கன்னடத்தில் ஒரு பாட்டு என்று மாற்றி மாற்றிப் பாடுவோம். எந்தப் பாட்டாக இருந்தாலும் நடுவில் லாரி ஹாரன் உண்டு. நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள். கணவருக்கு வண்டி பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்து, கல்யாணமான வருடமே இங்கே வந்துவிட்டோம்.

நாங்கள் குடியிருந்தது நான்கு வீடுகள் ஒட்டிக் கட்டிய வரிசை. வீட்டுக்காரர் தெலுங்கு பேசும் விவசாயி. நிலத்தைக் கம்பெனிக்கு விற்ற பணத்தில் கட்டியது. எங்கள் அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டின் அடுப்படி. அவர்கள் குக்கர் விசில் எத்தனை என்று எங்களுக்குத் தெரியும், எங்கள் குடும்ப ஜெபம் எப்போது முடிகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்த வீட்டில் இருந்தவர்கள் மத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். அந்த வீட்டு மனிதருடைய அப்பாவும் அம்மாவும் ஊரில் மற்றவர்கள் காட்டில் கூலி வேலை செய்தவர்கள். இவர் ஓசூருக்கு வந்து, என் கணவர் வேலை செய்த அதே கம்பெனியில் காண்ட்ராக்டில், தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் இருந்தார். மனைவிக்கு என்னைவிட ஏழெட்டு வயது குறைவு. ஒரே மகள், அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள்.

ஆண்கள் இரண்டு பேருக்கும் பெரும்பாலும் ஒரே ஷிப்ட். பெட்ரோல் மிச்சமாகும் என்று ஒரு வாரம் எங்கள் பைக், ஒரு வாரம் அவர்கள் பைக் என்று வைத்துக்கொண்டார்கள். யார் பைக்கோ அவர் ஓட்டுவார், மற்றவர் பின்னால் உட்காருவார். வருடக்கணக்காக அப்படித்தான் போய் வந்தார்கள்.

அந்த வாரம் பக்கத்து வீட்டுக்காரருடைய பைக்.

காலை ஷிப்ட்டுக்குக் கிளம்பினார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. சர்வீஸ் ரோட்டில் இவர்களுக்கு முன்னால் போன லாரி, இண்டிகேட்டர் போடாமல் இடது பக்கம் பார்க்கிங் யார்டுக்குள் திரும்பியது. பிரேக் பிடித்ததும் பைக் சறுக்கியது. பின்னால் இருந்த என் கணவர் சாலையோரத்து மண்ணில் போய் விழுந்தார். முன்னால் இருந்தவர் லாரிப் பக்கம் விழுந்தார். இரண்டு பேருமே ஹெல்மெட் போட்டிருந்தார்கள்.

எங்களுக்குத் தகவல் வந்தபோது "ரெண்டு பேருக்கும் அடி" என்று மட்டும்தான் சொன்னார்கள். வீட்டுக்காரர் தன் காரில் என்னையும் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு போனார். அவள் என் கையைப் பிடித்திருந்தாள். வழி முழுக்க நான் சத்தமில்லாமல் ஜெபித்தேன். அவளும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் கம்பெனி ஆள் ஒருவர் வாசலிலேயே நின்றார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கு எனக்குப் புரியவில்லை. அதற்குள் டாக்டர் வெளியே வந்து என் கணவரின் பெயரைச் சொல்லி, "இவரோட ஆளுங்க யாரு?" என்றார். நான் போனேன். "உயிருக்கு ஒண்ணும் பயமில்லம்மா. காலும் தோள்பட்டை எலும்பும் உடைஞ்சிருக்கு, ஆபரேஷன் பண்ணிச் சரி பண்ணிரலாம்" என்றார்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே.

எனக்குப் பின்னால் நின்றிருந்தவள் கேட்டாள். "எங்க வூட்டுக்காரரு எப்படி இருக்கறாரு சார்?"

டாக்டர் கம்பெனி ஆளைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். வழியிலேயே உயிர் போய்விட்டிருந்தது. அதை அவளிடம் யார் எந்த வார்த்தையில் சொன்னார்கள் என்று எனக்கு ஞாபகமில்லை. அவள் தரையில் உட்கார்ந்ததும், நான் பக்கத்தில் உட்கார்ந்ததும்தான் ஞாபகம் இருக்கிறது.

அன்றே அவருடைய ஆட்கள் மத்தூரிலிருந்து வந்து உடலை எடுத்துப் போனார்கள். அவளும் குழந்தையும் கூடப் போனார்கள். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது.

சபையார் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பிளாஸ்கில் கஞ்சி கொண்டுவந்தார்கள், மாற்றி மாற்றி எனக்குத் துணையிருந்தார்கள். அவர்கள் இல்லையென்றால் அந்த நாட்களை நான் தாண்டியிருக்க மாட்டேன். வந்த ஒவ்வொருவரும் சொன்ன வார்த்தை ஒன்றுதான். "ஆண்டவர் அதிசயமாக் காப்பாத்தியிருக்கார் சிஸ்டர். ஒரே வண்டி, ஒரே விபத்து. பிரதருக்கு மட்டும் உயிர் கொடுத்திருக்கார்னா அது எவ்வளவு பெரிய கிருபை!"

அவர்கள் போன பிறகு என் கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ சபையில எழுந்திரிச்சி இப்படிச் சொல்லிராத."

"எப்படி?"

"என்னைய மட்டும் காப்பாத்தினாருன்னு. நான் பின்னால இருந்தேன், அவரு முன்னால இருந்தாரு. அடுத்த வாரமா இருந்தா நான் முன்னால இருந்திருப்பேன். அவ்வளவுதான்."

"அப்போ ஆண்டவர் காப்பாத்தலன்னு சொல்லுதீங்களா?"

"அப்படியும் சொல்லல. எனக்குத் தெரியல. தெரியாததச் சொல்லாதன்னுதான் சொல்லுதேன்."

அவர் சபையில் வாய் திறக்கிற ஆள் இல்லை. கடைசி வரிசையில் உட்காருவார், பாட்டுக்குக்கூட உதடுதான் அசையும். நான் எழுந்து சாட்சி சொல்லும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வார். அவரிடமிருந்து இவ்வளவு பேச்சு வந்ததே எனக்கு ஆச்சரியம்.

அடுத்த ஞாயிறு நான் மட்டும் சபைக்குப் போனேன். சாட்சி நேரம் வந்தது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்து நின்றேன். "ஜெபிச்ச எல்லாருக்கும் நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அழுகையில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நான் ஸ்தோத்திரம் சொன்னபோது என் முதுகுக்குப் பின்னால் அவள் நின்றது ஞாபகம் வந்தது.

பாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதைச் சொன்னேன். கணவர் பிளாஸ்டரோடு கட்டிலில் இருந்தார். பாஸ்டர் முதலில், வேதத்தில் வரும், குஷ்டம் நீங்கிய பத்துப் பேரில் ஒருவன் மட்டும் திரும்பி வந்து நன்றி சொன்ன கதையை நினைவுபடுத்தினார். "நன்மை வாங்கிட்டுச் சும்மா இருக்கக் கூடாது சிஸ்டர். பிரதர் நடக்க ஆரம்பிச்சதும் வீட்டுல ஒரு ஸ்தோத்திரக் கூட்டம் வைப்போம்" என்றார்.

"பக்கத்து வீட்டுக்காரரை ஏன் காப்பாத்தலன்னு யாராவது கேட்டா என்ன சொல்லட்டும் பாஸ்டர்?"

"அதுக்கு எங்கிட்ட பதில் இல்லம்மா" என்றார். அதுவரை என்னை சிஸ்டர் என்று அழைத்தவர் அப்போது அம்மா என்றார். பிறகு ஜெபித்துவிட்டுப் போனார். கூட்டத்தை வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

காரியமெல்லாம் முடிந்து சில வாரங்களில் அவள் குழந்தையோடு திரும்பி வந்துவிட்டாள். மத்தூரிலேயே இருக்கச் சொன்னார்களாம். கம்பெனியில் பேக்கிங் பிரிவில் அவளுக்கு வேலை தருவதாகச் சொன்னதால் வந்துவிட்டதாகச் சொன்னாள். ஷிப்ட் முடிந்து அவள் வரும்வரை குழந்தை எங்கள் வீட்டில் இருக்கும். குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் அங்கே போகும். தண்ணீர் லாரி வந்தால் அவள் குடத்தையும் சேர்த்து நான் பிடித்து வைப்பேன். வேலையெல்லாம் நடந்தது, பேச்சுதான் இல்லை. என்னம்மா, சாப்பிட்டியா, பாப்பாவுக்குச் சளி இருக்கே என்பதோடு சரி. அவரைப் பற்றி நான் வாயெடுக்கவில்லை. எடுத்தால் அவளுக்கு வலிக்கும் என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டுக்குள்ளும் எல்லாம் மெதுவாகிவிட்டது. சமைக்கும்போது பாடுகிறவள் பாடுவதை விட்டேன். குடும்ப ஜெபத்தை முன் அறைக்கு மாற்றி, காதோடு பேசுவதுபோல ஜெபித்தோம். மகன், "ஏம்மா, ஆண்டவர் தூங்குதாரா?" என்று கேட்டான்.

கணவர் வாக்கர் இல்லாமல் நடக்க ஆரம்பித்த பிறகு பாஸ்டர் ஸ்தோத்திரக் கூட்டத்துக்கு ஒரு சனிக்கிழமை சாயங்காலத்தைச் சொன்னார். அன்று அவளுக்கு இரண்டாம் ஷிப்ட் இருக்கும், வீட்டில் இருக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டுச் சரி என்றேன். சபையிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். பாஸ்டரம்மா கஞ்சிராவோடு வந்தார். நான் எல்லோருக்கும் பாயை விரித்துவிட்டு, "இன்னிக்குப் பாட்டு வேண்டாம். ஜெபம் மட்டும் போதும், அதையும் மெதுவாச் செய்வோம்" என்றேன். ஜன்னலைச் சாத்தினேன்.

"ஸ்தோத்திரக் கூட்டத்துல பாட்டு இல்லாம எப்படி சிஸ்டர்?" என்றார் பாஸ்டரம்மா. ஒரு அக்கா பக்கத்திலிருந்தவரிடம் குசுகுசுவென்று ஏதோ சொன்னார். நான் சுவரையும், மூலையில் என் மகனோடு விளையாடிக்கொண்டிருந்த அவள் குழந்தையையும் கை காட்டினேன். அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள்.

திறந்தால் அவள் நின்றிருந்தாள். கம்பெனி யூனிபார்ம்கூட மாற்றவில்லை. அன்று ஷிப்ட்டைச் சீக்கிரமே விட்டுவிட்டிருக்கிறார்கள், குழந்தையைக் கூட்டிப்போக நேராக வந்திருக்கிறாள். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தாள், உள்ளே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள், சாத்தியிருந்த ஜன்னலைப் பார்த்தாள்.

"என்னாக்கா, கூட்டமா?"

"ஆமாம்மா. சின்ன ஜெபம்தான். சீக்கிரம் முடிஞ்சிரும். உனக்குத் தொந்தரவா இருக்காது."

"நான் தொந்தரவுன்னு எப்பச் சொன்னேன்?"

நான் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன்.

"நானும் வந்ததுல இருந்து பாத்துக்கினுதான் இருக்கறேன்" என்றாள். குரல் ஏறவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "பாடறத வுட்டுட்டீங்க. ஜெபம் பண்றது கேக்கறதில்ல. சிரிச்சாக்கூட நான் வந்தா நிறுத்திக்கறீங்க. நான் என்ன, அண்ணன் பொழச்சிருக்கறதப் பாத்து வயிறு எரியறவளா?"

"ஐயோ, அப்படி இல்லம்மா. உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு..."

"கஷ்டந்தான். எனக்கு இல்லாத கஷ்டமா? நீங்க பாடுனாலும் கஷ்டம், பாடலன்னாலும் கஷ்டம். ஆனா ஒன்னு கேக்கறேன்கா. இத்தன நாள்ல அவரப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்த பேசுனீங்களா? மத்தூர்ல பேசுனா எல்லாரும் அழுவறாங்க, அதனால பேசறதில்ல. கம்பெனில பேசறதில்ல. இங்க நீங்களும் பேசறதில்ல. அப்படி ஒரு ஆளே இல்லாத மாதிரி இருக்குது. அண்ணன்தான தெனமும் அவரோட போயி வந்தாரு? அவரும் பேச மாட்டேங்கறாரு."

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாஸ்டர் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் என் கணவர், "நான் சொல்லுதேன்" என்றார்.

சுவரைப் பிடித்து எழுந்து நின்றார். சபையில் ஒருநாளும் சாட்சி சொல்லாத மனிதர். முகத்தை யார் பக்கமும் திருப்பாமல், எதிரே இருந்த காலண்டரைப் பார்த்தே பேசினார்.

"நான் கம்பெனியில சேந்த புதுசுல எனக்குக் கன்னடமும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. சூப்பர்வைசர் என்ன சொல்லுதாருன்னு அவருதான் எனக்குச் சொல்லுவாரு. நான் ஒருநாளும் நேரத்துக்குக் கிளம்ப மாட்டேன். வண்டிய ஸ்டார்ட் பண்ணி வச்சிக்கிட்டு வாசல்ல நிப்பாரு, ஹாரன் அடிக்க மாட்டாரு. பிள்ளை தூங்குவான்னு அடிக்க மாட்டாரு. திரும்பி வரும்போது டீக்கடையில நிறுத்துவாரு. ரெண்டு பன் வாங்கி, ஒண்ண அவரு தின்னுட்டு ஒண்ண மகளுக்குன்னு பையில வைப்பாரு. வண்டி ஓட்டும்போது பாடிக்கிட்டே வருவாரு. கன்னடப் பாட்டு. ஒரே பாட்டுதான், அதுலயும் பாதிதான் தெரியும்."

"அது கன்னடம் இல்லண்ணா" என்றாள் அவள் வாசலிலிருந்து. "தெலுங்கு."

யாரோ சிரித்துவிட்டார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

"தெலுங்கா? சரி, தெலுங்கு" என்றார் கணவர். "அன்னைக்குக் காலையிலயும் அதத்தான் பாடினாரு. மத்தியானம் வீட்டுல களி கிண்டியிருக்கு, நீயும் வந்து சாப்பிடுன்னாரு. அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆண்டவர் என்னைய ஏன் உயிரோட வச்சிருக்காருன்னு எனக்குத் தெரியல. அத நான் சாட்சியாச் சொல்ல முடியாது. இப்படி ஒரு மனுசன எனக்குப் பக்கத்து வீட்டுல கொடுத்தாரே, அவருகூட இத்தன வருசம் போய் வந்தேனே, அதுக்கு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லுதேன்."

உட்கார்ந்துவிட்டார். பாஸ்டர்தான் முதலில் பதில் ஸ்தோத்திரம் சொன்னார். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

நான் அவளைப் போய்க் கூட்டிவந்து பாயில் என் பக்கத்தில் உட்காரவைத்தேன். "பாடட்டுமா?" என்று கேட்டேன். "பாடுங்கக்கா" என்றாள். பாஸ்டரம்மா கஞ்சிராவை எடுத்தார். நீண்ட நாள் பாடாமல் இருந்ததில் எனக்குத் தொண்டை பிசிறியது. ஜன்னலை யார் திறந்தார்கள் என்று தெரியவில்லை, பாட்டு முடியும்போது திறந்திருந்தது. முடிந்ததும் எல்லோரும் உப்புமாவும் டீயும் சாப்பிட்டார்கள். அவளும் சாப்பிட்டாள். கிளம்பும்போது என் கணவரிடம், "இன்னும் இருந்தாச் சொல்லுங்கண்ணா, ஒருநாளைக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு அவர் சொன்னார், ஒருநாள் இல்லை, பலநாள். சாயங்காலம் வாசலில் சேர் போட்டு உட்கார்ந்திருக்கும்போது குழந்தைக்கும் சேர்த்துச் சொல்வார். உங்க அப்பா கேண்டீன்ல முட்டைக்குச் சண்டை போட்டாரு, மழையில வண்டிய ஒரு மைல் தள்ளிக்கிட்டு வந்தாரு என்பதுபோல. பெரிய விஷயம் ஒன்றும் இருக்காது. அவள் துணி மடித்துக்கொண்டே கேட்பாள். சில நாள் எழுந்து உள்ளே போய்விடுவாள். அப்போது அவர் நிறுத்திக்கொள்வார்.

சபையில் எல்லோருக்கும் இது பிடித்தது என்று சொல்ல முடியாது. ஒரு மூப்பர் என் கணவரிடம் நேராகவே சொன்னார்: "பிரதர், அது இரங்கல் பேச்சு. சாட்சின்னா ஆண்டவர் செஞ்ச வல்லமையைச் சொல்லணும். உயிரோட நிக்கறீங்க, அதைச் சொல்ல உங்களுக்கு என்ன தயக்கம்?" கணவர் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். அந்த மூப்பர் கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரியில் எங்களுக்காக முதலில் ரத்தம் கொடுத்தவர் அவர்தான். அவர் கேட்டதில் தவறு இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. என் கணவர் உயிரோடு இருப்பதற்கு நான் தினமும் நன்றி சொல்கிறேன். அவர் சட்டையைத் துவைத்துக் காயப்போடும்போது சொல்கிறேன். அவர் சாம்பாரில் உப்பு இல்லை என்று சொல்லும்போதும் சொல்கிறேன். ஏன் என்று மட்டும் விளக்கம் சொல்வதில்லை.

சாட்சி நேரத்தில் இப்போதும் எழுந்திருக்கிறேன், முன்போல ஒவ்வொரு வாரமும் இல்லை. எழுந்தால் பெரும்பாலும் மனிதர்களைச் சொல்கிறேன். குழாயைச் சரிசெய்து கொடுத்த வீட்டுக்காரரைச் சொன்னேன். அவர் வெங்கடாசலபதியைக் கும்பிடுகிறவர். அவரை எங்களுக்குக் கொடுத்ததற்கு ஸ்தோத்திரம் என்றபோது ஓரிருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

இப்போது நாங்கள் ஓசூர் டவுன் பக்கம் வீடு மாறிவிட்டோம். கணவர் கம்பெனி பஸ்ஸில் போகிறார். அவள் அதே வீட்டில்தான் இருக்கிறாள், மாமியார் வந்து கூட இருக்கிறார். போன பொங்கலுக்கு மத்தூருக்குக் கூப்பிட்டாள். போனோம். அவள் கணவருடைய அண்ணன் வாசலில் பொங்கல் வைத்தார். பொங்கியதும் எல்லோரும் குரல் கொடுத்தார்கள். பிறகு இலை போட்டுச் சாமிக்குப் படைக்க உள்ளே எடுத்துப் போனார்கள். நாங்கள் வேப்பமரத்தடியில் நின்றோம். படைத்ததை நாங்கள் சாப்பிடுவதில்லை, அதை எப்படிச் சொல்லிப் புண்படுத்தாமல் தப்பிப்பது என்று எனக்குக் கவலை.

அவள் ஒரு தூக்குவாளியோடு வந்தாள். "உங்களுக்குப் படைக்கறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சுட்டேன்கா. நீங்க உங்க ஜெபத்தப் பண்ணிட்டுச் சாப்புடுங்க."

"உங்க வீட்டுல ஒண்ணும் நினைக்க மாட்டாங்களா?"

"அத்தைதான் எடுத்து வெக்கச் சொன்னாங்க."

மரத்தடியில் உட்கார்ந்தோம். அவள் இலையில் பொங்கலை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். என் கணவர் கண்ணை மூடிச் சத்தமாக ஜெபித்தார். நெல்லுக்கு, வெல்லத்துக்கு, அந்த வீட்டாருக்கு, அந்தக் குழந்தைக்கு என்று ஒவ்வொன்றாக நன்றி சொல்லிக்கொண்டே போனார். முன்பெல்லாம் வாயே திறக்காதவர் இப்போது ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது. மகன் என்னை இடித்தான். நான் "ஆமென்" என்று சொல்லி முடித்துவைத்தேன்.